ஃபுர்கா கணவாயில் இறங்கி நின்றால் எதைப் பார்ப்பது?

வழிநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தையும் வாலிஸ் மாநிலத்தையும் இணைக்கும் ஃபுர்கா கணவாயைச் சென்ற செப்டம்பரில் ஆண்டர்மட் பக்கமிருந்து அஞ்சல் பேருந்தில் கடந்தேன். 2,429 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் என்று படித்திருந்ததால், உச்சியில் இறங்கி அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே இருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் ஒரு பெயர்ப்பலகையும், வண்டிகள் நிற்பதற்கான சரளைத் திடலும், இருபுறமும் பழுத்துக்கொண்டிருந்த புல்சரிவும்தான் இருந்தன. மேகம் தாழ்ந்திருந்ததால் வடக்கே இருக்க வேண்டிய சிகரங்கள் ஒன்றும் கண்ணில் படவில்லை. குளிர் காற்றில் கால் மணி நேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மேற்கே இறங்கும் வழியில் பெல்வெடேர் வளைவுக்குப் பேருந்து வந்தபோது, ரோன் பனியாற்றைப் பார்க்க அத்தனை பேரும் இருக்கையை விட்டு எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ஆனால் அந்தப் பனியாறு இருப்பது கணவாயில் அல்ல, அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளித்தான். அப்படியானால் கணவாய் என்பது பனியாற்றைப் பார்க்கப் போகும் வழியில் ஏறி இறங்க வேண்டிய ஒரு மேடு, அவ்வளவுதானா? என் மனம் இதை ஏற்க மறுக்கிறது. நூற்றாண்டுகளாக மனிதர்கள் இத்தனை பாடுபட்டுக் கடந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் இருக்காது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். வருகிற ஜூலையில் மறுபடி அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: கணவாயிலேயே நின்றுகொண்டு எதைப் பார்க்க வேண்டும்?

பாறைமொழி எழுதியது:

வழிநடை அவர்களே, நல்ல கேள்வி. அதற்கு என்னால் இயன்ற அளவுக்கு முழுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன், ஏனென்றால் நான்கு கோடைகள் அந்தச் சரிவுகளில் கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் நான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடத்தில் ஒரு தாழ்வு ஏன் இருக்கிறது என்பதுதான். வடக்கே காலென்ஸ்டாக் 3,586 மீட்டர், அதற்கும் அப்பால் டம்மாஸ்டாக் 3,630 மீட்டர். தெற்கே பெரிய முட்டன்ஹார்ன் 3,099 மீட்டர். இவற்றுக்கு நடுவில் மலைத்தொடர் திடீரென்று 2,429 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இது தற்செயல் அன்று. வடக்கே நிற்பது ஆர் மலைத்திரளின் கருங்கல் (கிரானைட்), சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் குழம்பாக இருந்து உறைந்தது. தெற்கே நிற்பது கோட்ஹார்ட் மலைத்திரளின் நைஸ் பாறைகள், அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறைகள். ஆல்ப்ஸ் எழும்பியபோது இந்த இரண்டு கடினமான திரள்களும் ஒன்றையொன்று நெருக்க, இடையில் இருந்த பழைய கடற்படிவுகளான களிப்பலகைக் கல்லும் சுண்ணக்கல்லும் டோலமைட்டும் மெல்லிய பட்டையாக நசுங்கி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்துவிட்டன. நிலவியலாளர்கள் இதை உர்சரன் மண்டலம் என்பார்கள். இரண்டு கற்சுவர்களுக்கு நடுவில் வைத்துப் பூசிய மென்மையான சாந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையும் பனியும் முதலில் அரிப்பது அந்தச் சாந்தைத்தான். நீங்கள் உட்கார்ந்திருந்த கணவாய் அந்தப் பட்டையின் மேல்தான் இருக்கிறது.

இப்போது ஒரு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தென்மேற்கே கோம்ஸ் பள்ளத்தாக்கில் ரோன் ஓடுகிறது. அதே நேர்க்கோட்டில் ஃபுர்கா, அதே கோட்டில் கிழக்கே உர்சரன் பள்ளத்தாக்கு, ஆண்டர்மட்டைத் தாண்டி 2,044 மீட்டரில் ஒபரால்ப் கணவாய், அதற்கும் கிழக்கே முன் ரைன் பள்ளத்தாக்கு என்று, ஆல்ப்ஸ் மலையை நீளவாக்கில் கீறிவிட்டதுபோல் ஒரு பள்ளம் ஓடுவது தெரியும். விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் இது பளிச்சென்று புலப்படும். ஃபுர்கா என்பது அந்த நீண்ட தையலில் சற்று மேலெழுந்து நிற்கும் ஒரு முடிச்சு.

அடுத்த முறை போகும்போது சாலையை விட்டு வடக்கே ஏறிக் கையில் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். வெளிர்சாம்பல் நிறத்தில், உப்புப் பரல் போன்ற மணிகளும் கரும்புள்ளிகளுமாக, உள்ளங்கையைச் சுரண்டும். சாலையையொட்டிய வெட்டில் பார்த்தால், புத்தகத்தை முதுகில் நிறுத்தி வைத்ததுபோல் கறுத்த தகடுகள் நிமிர்ந்து நிற்கும், விரலால் நெம்பினாலே ஏடு ஏடாகப் பிரியும். கல்லின் இந்த மாற்றத்தைப் புல்லே காட்டிக்கொடுக்கும். களிப்பலகைக் கல் மக்கிய இடத்தில் புல் அடர்ந்து வளரும், கருங்கல் சரிந்த இடத்தில் பாசியும் கற்குவியலும்தான் இருக்கும். செப்டம்பர் மேகத்தில் சிகரம் தெரியாமல் போகலாம், ஆனால் காலடியில் இருக்கும் இந்த வேறுபாட்டை எந்த மேகமும் மறைக்காது.

இன்னொன்று நீர். கணவாயிலிருந்து கிழக்கே இறங்கும் துளி ஃபுர்கா ரொய்ஸ் ஓடையாகி, ஆண்டர்மட்டையும் ஷோலனன் இடுக்கையும் கடந்து, லுட்செர்ன் ஏரி, ஆரே, ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. மேற்கே இறங்கும் துளி முட்பாக் ஓடையில் சேர்ந்து, கிளெட்ஷ் என்ற இடத்தில் ரோனில் கலந்து, லெமான் (ஜெனீவா) ஏரி வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. ஐரோப்பாவின் முதன்மை நீர்ப்பிரிமேடு அந்தச் சரளைத் திடலின் ஊடாகத்தான் செல்கிறது.

ரோன்கரை எழுதியது:

பாறைமொழி சொன்ன நிலவியலை மறுக்கவில்லை, ஆனால் பனியாற்றை வழியோரக் காட்சியாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபுர்காவின் மேற்குச் சரிவை உருவாக்கியது அந்தப் பனியாறுதான், அந்த இடம் இன்று இழந்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

1850களில் ரோன் பனியாற்றின் நாக்கு கிளெட்ஷ் வரை, அதாவது ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்குத் தரை வரை இறங்கி, விசிறிபோல் விரிந்து கிடந்தது. அங்கே கட்டப்பட்ட விடுதியில் தங்கியவர்கள் சன்னலைத் திறந்தால் பனிக்கட்டியைப் பார்த்தார்கள். 1874-இல் ஆய்வாளர்கள் பனியாற்றின் குறுக்கே நிறம் பூசிய கற்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த வரிசைகள் நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் நகர்ந்து வில்லாக வளைவதை அளந்து, 1915 வரை நாற்பதாண்டுக் காலம் இதைத் தொடர்ந்தார்கள். பனியாறு எப்படி ஓடுகிறது என்று உலகம் கற்றுக்கொண்ட பாடசாலைகளில் அது ஒன்று. அன்றைய நாக்கின் நுனியிலிருந்து இன்றைய நுனி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. இப்போது அது பெல்வெடேர் அருகே ஒரு கருங்கல் வாசற்படிக்குப் பின்னால், தன் உருகுநீரே தேங்கிய ஏரியில் முடிகிறது. 1882-இல் பனியாற்றைப் பார்ப்பதற்காகவே வளைவில் கட்டிய பெல்வெடேர் விடுதியும் 2015-இல் மூடப்பட்டது. பூட்டிய சன்னல்களோடு அது நிற்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

2022-இல் மட்டும் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் 6 சதவீதத்தையும், மறு ஆண்டு 4 சதவீதத்தையும் இழந்தன. இரண்டே கோடைகளில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கற்கள் இன்னும் இலட்சம் ஆண்டுகள் அங்கேயே இருக்கும், நாளை பார்த்துக்கொள்ளலாம். பனியாற்றை இன்றே பார்த்துவிட வேண்டும் என்பதே வழிநடை அவர்களுக்கு என் அறிவுரை.

பாறைமொழி எழுதியது:

ரோன்கரை அவர்களே, பனியாற்றைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கேள்வி கணவாயைப் பற்றியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பனியாறு இந்தத் தையலின் வழியே வரவில்லை. அது வடக்கே டம்மாஸ்டாக் அடிவாரத்தில் பிறந்து, கருங்கல்லைக் குடைந்துகொண்டு தெற்கு நோக்கி வந்து, கிளெட்ஷில் பக்கவாட்டில் இந்தப் பள்ளத்துக்குள் நுழைகிறது. பள்ளத்தின் ஊடாகவே கணவாயிலிருந்து இறங்குவது முட்பாக் என்ற சின்ன ஓடை மட்டும்தான். அதை எந்தப் பயணியும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாலையும் முட்பாக்கின் வடகரைச் சரிவைப் பற்றிக்கொண்டே வந்து, பெல்வெடேருக்கு அருகில்தான் பனியாற்றின் பக்கம் திரும்புகிறது. அடுத்த முறை அந்தத் திருப்பத்தில் இடப்பக்கச் சன்னலிலும் ஒரு முறை கீழே பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பனிமுகடு எழுதியது:

இரண்டு பேரும் பள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சிகரங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஃபுர்கா என்ற பெயரே லத்தீனில் கவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் நாம் கவைக்கோல், கவைக்கிளை என்கிறோமே, அதே பொருள்தான். கணவாயை ஒட்டியே வடக்கில் சின்ன ஃபுர்காஹார்ன் 3,026 மீட்டரும் பெரிய ஃபுர்காஹார்ன் 3,169 மீட்டரும் எழுகின்றன. மேகம் இல்லாத நாளில் உர்சரன் பக்கமிருந்து பார்த்தால் வடக்கு தெற்குச் சரிவுகளுக்கு இடையில் கணவாய் ஒரு கவையாகவே தெரியும், பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

காலென்ஸ்டாக் சிகரத்தில் முதன்முதலில் ஏறியது 1845-இல். ஏறியவர்களில் எடுவார் டெசோரும் டானியல் டோல்ஃபுஸ் ஓசேயும் இருந்தார்கள். அக்காலத்தில் அருகிலுள்ள உண்டரார் பனியாற்றில் பாறைக்கடியில் குடியிருந்து ஆராய்ச்சி செய்த பனியாற்று ஆய்வாளர் லூயி அகாசியின் வட்டத்தைச் சேர்ந்தவர் டெசோர். அந்த ஏற்றத்துக்கும் பனியாற்று அறிவியலுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. டம்மாஸ்டாக்கில் ஏறுவதற்கு 1864 வரை ஆயிற்று. ஊரி மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் அதுதான்.

நான் சிடேலன் குடிலில் (2,708 மீ.) இரவு தங்கிக் காலென்ஸ்டாக்கின் தென்கிழக்கு முகட்டில் ஏறியிருக்கிறேன். விடியுமுன் பனிச்சரிவைக் கடந்து கருங்கல்லில் கை வைத்த கணத்தில் அதன் குளிர் முழங்கை வரை ஏறியது. ஆனால் விரல் பதித்த இடமெல்லாம் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. பாறை ஏறுபவர்கள் ஃபுர்காவைத் தேடி வருவதற்கு அந்த உறுதிதான் காரணம். முகட்டின் மேலிருந்து திரும்பிப் பார்த்தபோது, பாறைமொழி சொன்ன இரண்டு நிறங்களும் கீழே பிரிந்து தெரிந்தன. வடக்கே சாம்பல் நிறக் கூர்முனைகள், தெற்கே முட்டன்ஹார்ன் பக்கம் பழுப்பும் பச்சையுமாகத் தோள் சாய்ந்த மலைகள்.

வழிநடை அவர்களுக்கு ஒரு குறிப்பு. கருங்கல் சரிவுகளைப் பார்க்கும்போது, ஒரு குறிப்பிட்ட உயரம் வரை பாறை தேய்த்துவிட்டதுபோல் மழுங்கியும், அதற்கு மேல் ரம்பப் பற்களாகச் சிதைந்தும் இருப்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழி உச்சத்தில் இருந்தபோது பனிப்பரப்பின் மேல்மட்டம் அந்தக் கோடு வரை நின்றது. கோட்டுக்குக் கீழே பனி பாறையைத் தேய்த்தது; மேலே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை உறைபனி உடைத்தது. கிளெட்ஷிலிருந்து கிரிம்சல் கணவாய்க்கு (2,164 மீ.) ஏறும் வழியில் ஆனை முதுகுபோல் உருண்டு கிடக்கும் பாறைகளும் அதே கதையைத்தான் சொல்கின்றன. ரோன் பக்கத்துப் பனி அந்தக் கணவாயின் மேலேறி வடக்கே வழிந்திருக்கிறது.

பளிங்கை, அதாவது குவார்ட்ஸ் படிகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 1868-இல் காலென்ஸ்டாக்குக்குக் கிழக்கே டீஃபென் பனியாற்றின் மேலிருந்த ஒரு பாறைப் பிளவில், பளிங்கு தேடுபவர்கள் டன் கணக்கில் கரும்புகை நிறப் பளிங்குக் கற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் பெரியவற்றைப் பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஆளுயரத்தில் பாதியளவு வளர்ந்த அந்தக் கற்களுக்கு முன் நின்றபோது, நான் கயிறு கட்டி ஏறிய பாறைக்குள் இன்னும் என்னென்ன இருக்குமோ என்று தோன்றியது.

இருப்புவழி எழுதியது:

கல், பனி, சிகரம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இந்தக் கணவாய் ஆண்டில் ஏழெட்டு மாதம் மூடியே கிடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லையே. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ சாலையை அடைத்தால், மே இறுதியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். பனியை அகற்றவே வாரக்கணக்காகும். ஃபுர்காவின் முழு வரலாறும் இந்தக் குளிர்காலத்தை எப்படிச் சமாளிப்பது என்ற முயற்சியின் வரலாறு என்றே நான் படித்துக்கொள்கிறேன்.

இடைக்காலத்தில் கோம்ஸ் பள்ளத்தாக்கின் வால்சர் குடிகள் இந்தக் கணவாயைக் கடந்துதான் உர்சரனில் குடியேறினார்கள். வண்டி ஓட்டத்தக்க சாலை 1866-இல்தான் முடிந்தது, அதற்குப் படைத்துறைத் தேவையும் ஒரு காரணம். இரண்டே ஆண்டுகளில், 1868 ஆகஸ்டில், பிரிட்டனின் விக்டோரியா அரசியார் வந்து கணவாயிலிருந்த விடுதியில் தங்கிச் சென்றார். பனிமுகடு சொன்ன பளிங்கு கிடைத்த அதே ஆண்டு! அந்த விடுதி இன்று இல்லை. பக்கத்திலிருந்த ஃபுர்காபிளிக் விடுதியில் 1983 முதல் பல நாட்டுக் கலைஞர்கள் வந்து அந்த நிலத்தை முன்வைத்தே படைப்புகள் செய்தார்கள். கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் அதன் ஒரு பகுதியைச் சீரமைத்திருக்கிறார். வழிநடை அவர்கள் ஒன்றுமில்லை என்று நினைத்த திடலுக்கு அருகில்தான் இதுவும் இருக்கிறது.

தொடர்வண்டிக் கதைதான் எனக்கு நெருக்கமானது. பிரிக் நகரிலிருந்து கிளெட்ஷ் வரை 1914-இல் பாதை வந்துவிட்டது. பிறகு உலகப் போர் வந்து, கம்பெனி நொடித்துப்போய், ஒருவழியாகக் கிழக்கே முன் ரைன் பள்ளத்தாக்கிலுள்ள டிசென்டிஸ் வரையிலான முழுப்பாதையும் 1926-இல் திறந்தது. அந்தப் பாதை கணவாயின் உச்சிக்கு ஏறவில்லை. 2,160 மீட்டர் உயரத்தில் 1,874 மீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கத்தில் புகுந்து மறுபுறம் வெளிவந்தது. நடுத் தண்டவாளப் பற்களைப் பற்றிக்கொண்டுதான் செங்குத்தான சரிவுகளில் ஏற முடிந்தது. கணவாய்க்குக் கிழக்கேயுள்ள ரியால்ப் ஊர்ப் பக்கத்தில் ஷ்டெஃபன்பாக் என்ற ஓடை இருக்கிறது. அதன் பள்ளத்தில் பனிச்சரிவு எந்தப் பாலத்தையும் விட்டுவைக்காது என்பதால், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பிரித்து மடித்துக் கரையோரம் இழுத்துவைத்து, கோடையில் மறுபடி பூட்டக்கூடிய ஒரு பாலத்தை 1925-இல் கட்டினார்கள். 36 மீட்டர் நீளப் பாலம், மூன்று துண்டுகள். மலையோடு மல்லுக்கு நிற்காமல், அது கேட்கும்போது வழிவிட்டு ஒதுங்கும் பாலம் அது. பொறியியலில் இதைவிடப் பணிவான தீர்வை நான் கண்டதில்லை.

1982-இல் மேற்கேயுள்ள ஓபர்வால்டுக்கும் ரியால்புக்கும் இடையே 15.4 கிலோமீட்டர் அடிவாரச் சுரங்கம் திறந்ததும் குளிர்காலப் பிரச்சினை தீர்ந்தது. இந்தப் பாதையில் ஓடிய பனியாற்று விரைவு வண்டி (கிளேசியர் எக்ஸ்பிரஸ்) அதன் பெயருக்குக் காரணமான பனியாற்றைப் பார்ப்பதும் அன்றோடு நின்றது. கைவிடப்பட்ட மலைப்பாதையைத் தன்னார்வலர்கள் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். 1947-இல் வியட்நாமின் தா லாட் மலைப்பாதைக்கு விற்கப்பட்டிருந்த நீராவி எஞ்சின்களை 1990-இல் தேடிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1992-இல் ரியால்ப் பக்கத்திலிருந்து முதல் பகுதி, 2000-இல் கிளெட்ஷ், 2010-இல் ஓபர்வால்ட் என்று படிப்படியாகப் பாதை உயிர்பெற்றது. அந்த மடிப்புப் பாலத்தை இன்றும் ஆண்டுதோறும் கையால் பிரித்துப் பூட்டுகிறார்கள்.

வழிநடை அவர்களே, ஒரு திசையில் பேருந்திலும் மறு திசையில் நீராவி வண்டியிலும் போங்கள். வண்டி சுரங்கத்துக்குள் இருக்கும்போது உங்கள் தலைக்கு மேல்தான் கணவாய் இருக்கிறது.

ரோன்கரை எழுதியது:

இருப்புவழி எழுதியதைப் படித்தபின் ஒரு விஷயம் மனத்தை அரிக்கிறது. பெல்வெடேர் அருகே 1870களிலிருந்து ஆண்டுதோறும் பனியாற்றுக்குள் ஒரு குகையைக் குடைந்து பயணிகளை அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. பனி உருகிக் குகை இடிந்துவிடாமல் இருக்கப் பல கோடைகளாக அந்தப் பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்துகிறார்கள். முதலில் பார்த்தபோது யாரோ கூடாரங்களை அவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அருகில் போனால், வெயிலிலும் மழையிலும் கிழிந்து, கல்பொடி படிந்து சாம்பல் நிறமான துணி, அதன் மடிப்புகளில் சலசலக்கும் உருகுநீர். நோயாளியின் படுக்கையைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது எனக்கு. இந்தத் துணி பனியாற்றைக் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பனிமுகடு எழுதியது:

போர்த்திய இடத்தில் உருகுதல் பாதிக்குப் பாதி குறைகிறது என்பது உண்மை. ஆனால் சுவிட்சர்லாந்தில் இப்படிப் போர்த்தப்படும் பரப்பு முழுவதையும் கூட்டினாலும், அந்நாட்டுப் பனியாறுகளின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 0.02 சதவீதம்தான் வரும். துணி காப்பது குகையை, குகை தரும் பிழைப்பை. பனியாற்றை அல்ல. அதைக் குற்றமாகவும் நான் சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த தொழிலை நடத்துபவர்கள் இன்னும் சில கோடைகள் நடத்தப் பார்க்கிறார்கள். ஆனால் இந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு ஏதோ மருத்துவம் நடக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு போவதுதான் தவறு. மேலே டம்மாஸ்டாக் அடியில் பனி சேரும் இடத்தில் சேர்வதைவிடக் கீழே போவது அதிகமாக இருக்கும்வரை, நுனியில் எதைப் போர்த்தினாலும் அது பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மலை ஏறுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாறைப் பிளவுகளில் நிரந்தரமாக உறைந்திருந்த பனி இளகுவதால், முன்பு பாதுகாப்பாக இருந்த முகடுகளில் நடுப்பகலில் கல் உருள்கிறது. என் கண்ணெதிரே குளிர்பெட்டி அளவு பாறை ஒன்று கழன்று இறங்கியதற்குப் பிறகு, பதினொரு மணிக்கு மேல் அந்தச் சரிவுகளுக்குக் கீழே நிற்பதில்லை.

வழிநடை எழுதியது:

நண்பர்களே, ஜூலை இரண்டாம் வாரம் போய்வந்துவிட்டேன். சொன்னபடி, ஏறும்போது ரியால்பிலிருந்து பேருந்து, இறங்கி மறுநாள் கிளெட்ஷிலிருந்து நீராவி வண்டி.

இம்முறை வானம் திறந்திருந்தது. சாலையோர டீஃபென்பாக்கைத் தாண்டியதுமே காலென்ஸ்டாக்கின் வெண்தொப்பி தெரிந்தது. பனிமுகடு சொன்ன மழுங்கிய பாறைக்கும் பல்வரிசைக்கும் நடுவிலுள்ள கோட்டை, தெரியாத மொழியில் முதல் எழுத்தைப் படித்துவிட்டவளைப்போல் அதன் பிறகு எல்லாச் சரிவுகளிலும் தேடிக்கொண்டே வந்தேன். கணவாயில் இறங்கி முதலில் வடக்கே ஏறினேன். இருபது நிமிடத்தில் கற்குவியல், உள்ளங்கையைச் சுரண்டும் கருங்கல். திரும்பிச் சாலையோர வெட்டுக்கு வந்து, நிமிர்ந்து நின்ற கறுத்த தகடு ஒன்றை நெம்பினேன். கையோடு வந்தது, உள்பக்கம் ஈரமாகவும் பட்டுப்போல் வழவழப்பாகவும் இருந்தது. போன முறை இதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்!

நீர் பிரியும் இடத்தையும் தேடினேன். பெயர்ப்பலகைக்கு அருகில் ஒன்றும் புலப்படவில்லை. சாலைக்குத் தெற்கே சற்றுத் தள்ளி ஒரு பழைய பனித்திட்டு கிடந்தது. அதன் கீழ்விளிம்பு முழுவதும் ஈரம், ஆனால் நீர் எங்கும் ஓடவில்லை, பாசிக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. மண்டியிட்டு வெகுநேரம் பார்த்த பிறகுதான் ஒரு பக்கத்துப் பாசியில் நூலிழை போல அசைவு தெரிந்தது. அது ரோனுக்கா ரைனுக்கா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பத்தடி நடந்தபின் கிழக்கே சாய்ந்தது.

ரோன்கரை அவர்களே, பனியாற்றையும் பார்த்தேன். உங்கள் வருத்தம் இப்போது எனக்கும் உண்டு. பெல்வெடேரிலிருந்து கிளெட்ஷுக்குக் கால்நடையாக இறங்கினேன். ஒரு காலத்தில் பனி கிடந்த தரையெங்கும் இப்போது சரளையும், அதன் நடுவில் பால்நிற நீரும், இளம் செடிகளும் இருக்கின்றன. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் வெறும் வழுக்குப்பாறைச் சுவர், பனி கண்ணுக்கே தெரியவில்லை. விடுதிச் சன்னலைத் திறந்து பனியைப் பார்த்த இடம் இதுதானா என்று நம்பவே முடியவில்லை.

ஆனால் பாறைமொழி சொன்ன பக்கம் திரும்பி முட்பாக்கையும் பார்த்தேன். நீராவி வண்டி அந்த ஓடையின் பள்ளத்திலேயே ஏறிச் சென்று சுரங்கத்துக்குள் நுழைந்தது. பல்சக்கரம் கடகடவென்று உள்ளங்காலில் அதிர, இருட்டில் நான் நினைத்துக்கொண்டது அந்தப் பனித்திட்டைத்தான். தலைக்கு நேர்மேலே எங்கோ அது உருகிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் வெயிலும் புல்லும். ஷ்டெஃபன்பாக் பாலத்தை வண்டி கடந்தபோது பெட்டியில் இருந்த முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவரும் ஒரு காலத்தில் அதைப் பூட்டியவர்களில் ஒருவராம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சாலையோர வெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மஞ்சள் நிறத்தில் தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையான ஒரு கல் கிடந்தது. கையில் எடுத்தால் அதன் பருமனுக்கு எடையே இல்லை. கருங்கல்லும் அன்று, களிப்பலகையும் அன்று. அது என்ன?

பாறைமொழி எழுதியது:

அது ரவுவாக்க எனப்படும் கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆல்ப்ஸ் என்ற மலையே இல்லாத காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் டோலமைட்டும் ஜிப்சமும் கலந்து படிந்த அடுக்கு. ஜிப்சம் நீரில் கரைந்து போய்விட, மிஞ்சிய கூடுதான் நீங்கள் எடுத்தது. கடினமான இரண்டு திரள்களுக்கு நடுவில் இருக்கும் பட்டையில் மிகவும் பலவீனமான கல் அது. 1872-க்கும் 1882-க்கும் இடையில் கோட்ஹார்ட் தொடர்வண்டிச் சுரங்கத்தைத் தோண்டியவர்களும் ஆண்டர்மட் சமவெளிக்கு அடியில் இதே உர்சரன் பட்டைப் பக்கம்தான் மிகுந்த தொல்லைப்பட்டார்கள். அங்கே ஓரிடத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் வளைவுக் கட்டுமானம் நொறுங்கி, திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கல்லைத் திருப்பி வைத்துவிட்டு வந்தீர்களா, கொண்டுவந்துவிட்டீர்களா?

வழிநடை எழுதியது:

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஒபரால்ப் கணவாயில் இதே கல்லைத் தேடப் போகிறேன்.